பறியைக் கடித்தபடி

வாயைத் திறக்கக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, தும்மவே கூடாது, பல்லில் இருக்கிற கயிற்றை மட்டும் செத்தாலும் விடக் கூடாது. இத்தனை கூடாதுகளையும் சொல்லி முடித்துவிட்டு, முகங்களை அச்செடுத்துச் சிலை வார்க்கிற மிருணாளினி அக்கா, "மத்தபடி ரிலாக்ஸா இரு அம்சா" என்றாள். மத்தபடி என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்க நினைத்தாள் அம்சா. அதற்குள் மாவு மூஞ்சியில் விழுந்துவிட்டது. பல் டாக்டர்கள் அச்சு எடுக்கிற மாவாம். ஜில்லென்று, புதினா வாசனையோடு, நெற்றியிலிருந்து வழிந்து புருவத்தை மூடி, இமையை மூடி, உதட்டையும் உதட்டுக்கு நடுவில் தொங்குகிற கயிற்றையும் சேர்த்து மூடியது. மூக்கின் இரண்டு ஓட்டையை மட்டும் தீபன் விரலால் வழித்து வழித்துத் திறந்து வைத்தான். அக்காவுக்கு உதவியாளன், ஓவியக் கல்லூரியில் படித்தவன், விரலில் எப்போதும் சிகரெட் நாற்றம். "மூச்சு முட்டுச்சுன்னா வலது கையைத் தூக்கு, உடனே பிச்சு எடுத்துடறோம். ஆனா தூக்காத. மாவு இதோட காலி" என்றான். இது மூன்றாவது தடவை. முதல் தடவை தும்மிவிட்டாள். இரண்டாவது தடவை கயிறு நழுவிவிட்டது, அக்கா மூச்சை மட்டும் நீளமாக விட்டாள், திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாவுக்கு மேலே இப்போது மாவுக்கட்டுத் துணியை நனைத்து ஒட்டுகிறார்கள், கை உடைந்தால் ஆஸ்பத்திரியில் போடுவார்களே அதே துணி, ஒன்று, இரண்டு, மூன்று, மூஞ்சி கனத்துக்கொண்டே போகிறது. இருபது நிமிஷம். இருபது நிமிஷம் எல்லாம் ஒரு நேரமா, பிளஸ் டூவில் வேதியியல் பீரியடு இதைவிடப் பெரிசு, அதையே தூங்காமல் ஓட்டியவள் நான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அது பொய், அவள் தூங்குவாள்.

கயிற்றின் மறுமுனையில் பறி தொங்குகிறது, நெஞ்சுக்கு நேராக. பனை ஓலையில் முடைந்த கூடை. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற கழியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிப்பார்கள் அவர்கள் சனம். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அம்மாவினுடைய பறி அது. நேற்று அக்கா அதை டெட்டால் போட்டுக் கழுவினாள். அம்மா பார்த்திருந்தால் சிரித்திருப்பாள், இல்லை, எதிரே இருந்தவள் மூஞ்சியில் தண்ணியை வாரி அடித்திருப்பாள், இரண்டில் எது என்று அம்மா விஷயத்தில் சொல்ல முடியாது. அக்காவுக்கு முதலில் வேண்டியிருந்தது அம்மாவின் முகம்தான். அவர்கள் ஊர் ஓடைமேட்டுக்குக் காரில் வந்து இறங்கி, மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நீங்க வேற, இந்தக் கழி வேற இல்லம்மா. மனுஷனும் இயற்கையும் ஒண்ணா இருந்த கடைசி முகம் உங்களோடது. உங்க அடையாளத்தை இந்த உலகத்துக்குக் காட்டணும்" என்று அவள் சொல்லிக்கொண்டே போக, அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "செத்தவங்க மூஞ்சியத்தான் செவுத்துல மாட்டுவாங்க. நான் இன்னும் சாவலையே" என்று எழுந்து போய்விட்டாள். அனல்மின் நிலையத்துக் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்க நேரமாகிவிட்டது அவளுக்கு. அப்போதுதான் அக்கா திரும்பி அம்சாவைப் பார்த்தாள். "நீயும் பறி கடிச்சு இறால் பிடிப்பியா?" பிடிப்பேன் என்றாள் அம்சா. கண் சிமிட்டாமல் சொன்னாள். "உன் முகத்துலயும் அந்தக் கழி இருக்கு" என்றாள் அக்கா. பருதான் இருந்தது, இடது கன்னத்தில் நாலு. ஆனால் அதற்கு முன்னால் அக்கா காரில் வரும்போது யாரிடமோ போனில் சப் கலெக்டர் சார், சப் கலெக்டர் சார் என்று பேசியபடி இறங்கியதை அம்சா கேட்டிருந்தாள், அதனால் பரு கழியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். "நான் வரேன்க்கா. எனக்கு ஒரு உதவி. சாதிச் சான்றிதழ். சப் கலெக்டர் டேபிள்ல என் அப்பீல் மூணு மாசமா கிடக்கு. ஒரு வார்த்தை சொல்லணும்." அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்றேன்டா, கண்டிப்பா சொல்றேன். மூன்று தடவை சொன்னாள், மூன்று வெவ்வேறு நாளில். இன்றைக்குச் செவ்வாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் நர்சிங் டிப்ளமோவுக்கு அந்தக் காகிதத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் சேர்க்கைப் பட்டியலில் அவள் இல்லை. அம்மா போகிற குவார்ட்டர்ஸில் இன்னொரு வீடு பாத்திரம் தேய்க்க ஆள் தேடுகிறதாம், அம்மா ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாள்.

கன்னம் வெதுவெதுக்கிறது. கட்டு இறுகும்போது சூடாகும் என்று தீபன் முன்னாலேயே சொன்னான், பயப்படாதே, பொசுக்காது. பொசுக்காது என்று சொன்னவன் மூஞ்சியில் இதைப் போட்டுப் பார்த்தானா? வெதுவெதுப்பு மூக்கின் இரண்டு பக்கமும் ஏறுகிறது. இந்தச் சூடு அவளுக்குத் தெரியும். அனல்மின் நிலையம் சுடுதண்ணீர் விடுகிற வாய்க்கால் கழியில் சேரும் இடத்தில் தண்ணீர் இப்படித்தான் இருக்கும், குளிக்க விளாவி வைத்தது மாதிரி. ஒன்பது வயசு. ஒரே ஒரு தடவைதான் அம்மா கூட்டிக்கொண்டு போனாள். மேலே தண்ணீர், கீழே சேறு, சேற்றுக்குக் கீழே சாம்பல். சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் இல்லை, சிமெண்டு மாதிரி, காலை உள்ளே வாங்கிக்கொண்டு திருப்பித் தராது. தொடை வரைக்கும் போய்விட்டாள். கத்தினாள். அம்மா பத்தடி தூரத்தில் பல்லில் பறியோடு திரும்பிப் பார்த்தாள். பறியைக் கடித்துக்கொண்டே திட்டுவாள் அம்மா, கடித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவளிடம் கதை பேசுவாள், வாயைத் திறக்காமலே எல்லாம் நடக்கும், முன்பல் இரண்டிலும் கயிறு அறுத்த பள்ளம் உண்டு அவளுக்கு. அன்றைக்கு வாயைத் திறந்தாள். அரை நாள் இறால் உள்ளே இருந்த பறி மிதந்து போனது. இரண்டு கையையும் அக்குளில் கொடுத்துப் பிடுங்கி, கரையில் போட்டு, முதுகில் நாலு வைத்தாள், வைத்துவிட்டு அழுதாள். நைனா நீந்திப் போய்ப் பறியை எடுத்து வந்தார். காலி. அதற்கப்புறம் அம்சா தண்ணீரில் கால் வைக்கவில்லை. வைக்கவே இல்லை. கடைசி முகமாம். கால் நனையாத கடைசி முகம். இப்போது நாக்கின் நுனியில் கயிறு படுகிறது, டெட்டாலுக்கு அடியில் இன்னொரு ருசி, உப்பா, அம்மாவின் வெற்றிலையா, நாக்கை நகர்த்தக் கூடாது, தாடை அசையும்.

பறியைக் கொண்டு வருவதற்கு அவள் கூரை மேல் ஏறவேண்டியிருந்தது. தார்ப்பாயின் கீழே, மூங்கிலுக்கும் ஓலைக்கும் நடுவில் ஒன்றரை வருஷமாகக் கிடந்தது. அதை அங்கே சொருகியது அம்மாதான், விசாரணை நாளன்று. சான்றிதழுக்கு எழுதிப் போட்டதும், நீங்கள் உண்மையிலேயே பழங்குடி இருளர்தானா என்று பார்க்க ஓர் அதிகாரி வீட்டுக்கு வருகிறார் என்று சேதி வந்தது. பெரிய ஆபீசர் வருகிறாரே என்று ஓடைமேடே எழுந்து நின்றது. நைனா இஸ்திரிப்பெட்டி இரவல் வாங்கி வெள்ளைச் சட்டையைத் தேய்த்தார். அம்மா பினாயில் போட்டு வாசலைக் கழுவினாள். வலை, தூண்டி, பறி எல்லாம் கூரைக்குள் போனது. அசிங்கமா கெடக்குது, ஆபீசரு மூக்கைப் பொத்திக்குவாரு. தெருவிலிருந்து மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. அம்சா யூனிபார்மில், இரட்டைச் சடையில், ரிப்பன் கட்டி நின்றாள். ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "பாம்பு பிடிப்பீங்களா?" "அய்யோ, இல்ல சார். அதெல்லாம் எங்க தாத்தாங்க காலத்துல." "எலி?" "இல்ல சார், ரேஷன் அரிசிதான்." நைனா சிரித்துக்கொண்டே சொன்னார், பெருமையாக, பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்த பையன் மாதிரி. "இறாலு கையால பிடிக்கிறது?" "இப்ப யாரு சார் பிடிக்கிறாங்க, பொண்ணு பிளஸ் ஒன் படிக்குது." ஆபீசர் எழுதிக்கொண்டார். டீ கொடுத்தார்கள், குடித்தார், அதுவே பெரிய விஷயமாக நைனா ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் காகிதம் வந்தது. அம்சாதான் படித்துச் சொன்னாள். மனுதாரரின் பழக்கவழக்கங்கள் மேற்படி இனத்தாரின் பழக்கவழக்கங்களோடு பொருந்தி வரவில்லை. நைனா, "இன்னொரு வாட்டி படி" என்றார். இன்னொரு தடவை படித்தாள். அதே தான் இருந்தது. "சட்டையத் தேச்சது தப்பாப் போச்சு" என்றார் நைனா. அம்மா கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

சூடு நெற்றிக்கு வந்துவிட்டது. கண்ணுக்குள் சிவப்பு, சிவப்புக்குள் புள்ளி. மூக்கு ஓட்டை சின்னதாகிறதோ. இல்லை. ஆகிறது. இல்லை, சளி. சளி அடைத்தால் என்ன செய்வது, வாய்தான் இல்லையே இப்போது, வாய் இருந்த இடத்தில் கல். மெதுவாக இழு, மெதுவாக விடு. இது பழைய ஐஸ் பாக்டரி, அதைக் குடைந்து அக்கா பட்டறை ஆக்கியிருக்கிறாள், சுவரெல்லாம் இன்னும் அம்மோனியா வாசனை. ஒரு காலத்தில் ஓடைமேட்டு இறாலுக்கு இங்கிருந்துதான் ஐஸ் போகும். இப்போது அந்தச் சுவரில் முப்பத்தொன்பது முகம் தொங்குகிறது, அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கலந்து வார்த்தது, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு. காலையில் பார்த்தாள். பக்கத்துத் தெரு மாரி தாத்தா முகத்தின் கீழே 'பெயரிலி, 12' என்று ஒட்டியிருந்தது. "அவருக்குப் பேரு இருக்குக்கா, மாரி" என்றாள். அக்கா சிரித்தாள்: "தெரியும்டா. பேர் இல்லாம இருக்கறதுதான் இங்க அரசியல்." பேர் இல்லாமல் இருப்பது என்ன என்று சப் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், அதில் அரசியலும் இல்லை ஒன்றும் இல்லை, குண்டிதான் காய்கிறது.

போன் அடித்தது. "சார்! நூறு ஆயுசு உங்களுக்கு. இப்பதான் உங்களை நினைச்சேன்." அக்காவின் குரல் இரண்டடி மேலே ஏறிவிட்டது. தீபன் அடக்கிய குரலில், "சப் கலெக்டர்" என்று யாரிடமோ சொல்வது போல அம்சாவின் காதருகே சொன்னான், அவனுக்கும் விஷயம் தெரியும். அம்சாவின் முதுகுத் தண்டு நேரானது. நினைத்தாளாமே. எதற்கு நினைத்தாள்? இதற்குத்தான். "ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி சார். நீங்கதான் விளக்கேத்தறீங்க, அதுல மாத்தமே இல்ல." சரி, முதலில் கண்காட்சித் திறப்பு விழா, அது மரியாதை. அடுத்தது. "நாற்பது முகம் சார். நாற்பதாவது இப்ப என் முன்னாடி காஞ்சுக்கிட்டிருக்கு... இல்ல இல்ல, உயிரோடதான்!" சிரிப்பு. இதோ, இங்கேதான் வரும், இந்தப் பொண்ணு விஷயமா ஒண்ணு சார், இந்தப் பொண்ணு என்று தொடங்கினால் போதும், அடுத்தது தானாக வரும். "இருளர் பொண்ணு சார், ரொம்ப ஸ்வீட்." வருகிறது. "இவங்கெல்லாம் நம்ம மாதிரி இல்ல சார், தண்ணியைப் படிக்கத் தெரிஞ்சவங்க." போய்விட்டது. பார்க்கிங் பற்றிப் பேசுகிறார்கள். சப் கலெக்டரின் அம்மாவுக்குச் சர்க்கரையாம், அதைப் பற்றிப் பேசுகிறார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொல்லுங்க சார். வெந்தயத்துக்கு நேரம் இருக்கிறது. அம்சா தொண்டைக்குள்ளிருந்து, ம்ம் என்றாள். இன்னும் அழுத்தி, ம்ம்ம். ஒரு கை அவள் தோளைத் தட்டிக் கொடுத்தது. இன்னும் பத்து நிமிஷம்டா, சூப்பரா இருக்கே, என்று அக்கா போனை விலக்கிச் சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினாள்.

வலது கையைத் தூக்கலாம். முழங்கையை மடித்து, தோளுக்கு மேலே, அவ்வளவுதான். பிய்த்து எடுப்பார்கள், வாய் வரும், வாய் வந்ததும் போனுக்குக் கேட்கிற மாதிரி சார் என்று கத்தலாம். ஆனால் மாவு போச்சு, முகம் போச்சு, அக்கா மூச்சை நீளமாக விடுவாள், அந்த மூச்சோடு சான்றிதழும் போகும். தூக்காவிட்டால் முகம் நிற்கும். வார்த்தை? அதை முகம் சொல்லாது, மூஞ்சிக்குக் கீழே ஒட்டுவது பெயரிலி நாற்பது. கை தொடையிலிருந்து ஓர் அங்குலம் எழுந்தது, எழுந்ததை அவளே பார்த்தாள், கண் மூடியிருந்தாலும் பார்த்தாள். அம்மா பத்தடி தூரத்தில் நிற்கிறாள், பல்லில் கயிறு, உள்ளே அரை நாள் இறால். அம்மாவுக்கு யோசிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆகவே இல்லை. விட்டுவிட்டாள். அம்மா மாதிரி விட யாராவது சேற்றில் மாட்டியிருக்க வேண்டும், இங்கே மாட்டியிருப்பதும் நான், கடித்துக்கொண்டிருப்பதும் நான். "ஓகே சார், ஓகே, ஞாயிறு பார்ப்போம். வணக்கம் சார்." கை தொடைக்கே திரும்பிவிட்டது. அப்புறம் அவள் அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மாவுக்குள் எது தண்ணீர் எது வியர்வை.

"முகத்தைச் சுளி, குனி, இப்ப மெதுவா" என்றான் தீபன். அச்சு உறிஞ்சிக்கொண்டு விலகியது. வெளிச்சம் ஊசி மாதிரி குத்தியது. கயிற்றை அறுக்காமல் பக்குவமாக உருவி, அச்சை அவள் மடியிலேயே மல்லாத்தி வைத்தான். "மேடம், பர்ஃபெக்ட். ஒரு குமிழி இல்ல. அரைமணிக்குள்ள வார்த்துடணும், இல்லாட்டி சுருங்கிடும்." அக்கா ஓடி வந்து எட்டிப் பார்த்துக் கையைத் தட்டினாள். அம்சா உதட்டை அசைத்துப் பார்த்தாள். உதடு யாருடையதோ போலிருந்தது.

"அக்கா. சார்கிட்ட சொல்லலையே."

"எதை... அச்சோ!" அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நிஜமாகவே அடித்துக்கொண்டாள், அதுதான் இன்னும் எரிச்சல். "சுத்தமா மறந்துட்டேன்டா. நீயாவது ஞாபகப்படுத்தியிருக்கலாமே?"

தீபன் தரையைப் பார்த்தான்.

"நாளைக்குக் கண்டிப்பா. தீபன், நீ அச்சை எடு."

அம்சா அச்சை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். உள்ளே அவள் முகம் குழியாக இருந்தது. சாய்த்தால் அது அவளைப் பார்த்துத் திரும்புவது போல் இருந்தது. கீழே சிமெண்டுத் தரை. கையை நீட்டிப் பிடித்தாள்.

"இப்பப் போன் பண்ணுங்கக்கா. அரைமணி இருக்கில்ல."

"ஏய், விளையாடாத. கீழ வை."

"விளையாடல. ஸ்பீக்கர்ல போடுங்க."

அக்கா தீபனைப் பார்த்தாள். தீபன், "போட்டுடுங்க மேடம்" என்றான். அக்கா திரையைக் குத்திக் குத்திப் போட்டாள். கோபத்தில்தான். ஆனால் அந்தப் பக்கம் குரல் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, அது பழக்கம். விஷயத்தைச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். இரண்டு நிமிஷ வேலை.

"அந்த ஃபைலா? பழைய ரிப்போர்ட் மோசமா இருக்கே மேடம்" என்றது குரல். "வெள்ளைச் சட்டை, நாற்காலி, ட்ரைபல் லைஃபே இல்லைன்னு எழுதியிருக்காரு. நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? பொண்ணு அந்தத் தொழில் செய்யுதா? கையால இறால்?"

"செய்யறா சார். நானே பார்த்திருக்கேன்." அக்கா பார்த்ததே இல்லை. கூசாமல் சொன்னாள், அம்சா சொன்ன மாதிரியே.

"அப்ப ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. தண்ணியில இறங்கி, கூடையைக் கடிச்சு, இறால் எடுக்கிற மாதிரி. முகம் தெளிவாத் தெரியணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துட்டா வியாழக்கிழமை முடிச்சுடலாம்."

போன் வைத்தாயிற்று. அக்காவின் கோபம் போன இடம் தெரியவில்லை. "அம்சா! வீடியோ! இதை ஏன் நான் யோசிக்கல? கண்காட்சியிலயும் ஓட்டலாம், நாற்பது முகத்துக்கு எதிர் சுவத்துல." தீபன் தலையைச் சொறிந்தான். "கழியில இப்ப இறால் ஏது மேடம்?" "மார்க்கெட்ல உயிரோட கிடைக்காதா?" "பண்ணை இறால் கிடைக்கும்." "துடிக்கணும், அதான் முக்கியம். அம்சா, நாளைக்கு இந்தச் சுடிதார் வேணாம், பழசா ஏதாவது. ரிப்பன்லாம் வேணாம்."

அம்சா அச்சைத் தீபன் கையில் கொடுத்தாள். "வீடியோ முதல்ல அவருக்குப் போகணும். அப்புறம்தான் உங்க செவுத்துக்கு" என்றாள். பறியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மூஞ்சியைக் கழுவிட்டுப் போ என்று அக்கா சொல்வது பின்னால் கேட்டது.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. காதோரத்தில் மாவு காய்ந்து இழுத்தது. கழியில் எங்கே கால் வைக்கலாம், எங்கே சாம்பல் வாங்கிக்கொள்ளும் என்று அம்மாவைக் கேட்க வேண்டும், கேட்டால் ஏன் என்பாள், சொன்னால் என்ன செய்வாள், சிரிப்பாளா, தண்ணியை வாரி அடிப்பாளா. எதற்கும் முதலில் மாவு இல்லாமல் கடித்துப் பார்த்துவிட வேண்டும். அம்சா பையிலிருந்து கயிற்றை மட்டும் வெளியே இழுத்து, யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துவிட்டு, முன்பல்லுக்கு நடுவில் வைத்தாள். பைக்குள் தொங்கிய கூடை வெறுமையாகத்தான் இருந்தது, அதற்கே தாடை வலித்தது. கடைவாய்க்கு மாற்றினாள். எச்சில் வழிந்தது. கண்டக்டர் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டு, அவள் தாடையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"பல்லு வலியாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"கிராம்பு வெச்சுக் கடி" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். அம்சா ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடியும் முன்பல்லுக்கே மாற்றி, மூக்கால் மூச்சு விட்டாள். ஓடைமேட்டுக்கு இன்னும் பதினோரு ஸ்டாப் இருந்தது.